வலப்பக்கம் திரும்பியவர்கள்

புரூப் தாளின் படத்தில் இருந்த ஒன்பது பேரும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடப்பக்கம் பார்க்க வேண்டியவர்கள்.

ஒலி முகம்மது தாளை ஜன்னலோரம் எடுத்துப் போய் மறுபடியும் பார்த்தான். மழை வரப்போகிற மத்தியானம், வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீராக மங்கிக் கிடந்தது. அச்சு மையும் மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் சேர்ந்த வாடை, பத்து வருஷமாக அவன் சட்டையிலும் நகக்கண்ணிலும் குடியிருக்கிற அதே வாடை, இன்றைக்கு ஏனோ கூடுதலாக அடித்தது. டன்லப் ஸ்ட்ரீட்டில் சத்தமே இல்லை. மூன்று நாளாக ஊரில் கலவரம். நாலு மணிக்கு ஊரடங்கு தொடங்கிவிடும். எதிர்க்கடைக்காரன் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி அடைக்கிற ஓசை மட்டும், யாரோ நிதானமாகக் கதவைத் தட்டுவது போல, விட்டு விட்டுக் கேட்டது.

பிளாக் என்பது ரப்பர் ஸ்டாம்பு மாதிரிதான். உலோகத்தில் வலப்பக்கம் பார்க்கிற முகம் தாளில் இடப்பக்கம் பார்க்கும். அச்சகத்தில் காலடி வைத்த முதல் நாளே புரிகிற சங்கதி இது. அவன் மேஜையில் கிடந்த துத்தநாக பிளாக்கை எடுத்துத் துணியால் துடைத்து, சாய்த்துப் பிடித்தான். பிளாக்கிலும் ஒன்பது பேரும் வலப்பக்கம்தான் பார்த்தார்கள். தாளிலும் வலப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வழியே கிடையாது.

"மருதப்பன், இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க."

மெஷின்மேன் மருதப்பன் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே வந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னா பாய், நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"முகம் மாறியிருக்கே."

"பிளாக் செஞ்சவன் நெகட்டிவ்வத் திருப்பிப் போட்டிருப்பான். செத்து மூவாயிரம் வருஷமானவன் எந்தப் பக்கம் பாத்தா நமக்கென்ன லா? எனக்கு வீட்டுக்குப் போவணும். கர்ஃபியூல மாட்டினா போலீஸ்காரன் லாரில ஏத்திடுவான்."

லாரி என்ற சொல்லைக் கேட்டதும் ஒலி முகம்மது தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். அவன் தாளை மேஜையில் வைத்து, மேலே எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைப் பாரமாக வைத்தான்.

மாதப் பத்திரிகையின் மிசிறு நாட்டு, அதாவது எகிப்துச் சிறப்பிதழ் அது. கப்பல் போகிற கால்வாயை எகிப்து தன் கைக்கு எடுத்துக்கொண்ட நாளிலிருந்து தேக்கா கோப்பிக்கடைகளில் வேறு பேச்சில்லை. மிசிறு பற்றி ஏதாவது போட்டால் படிப்பார்கள் என்று முதலாளி சொன்னார். ஒலி முகம்மது எழுதித் தருவதாகச் சொன்னான். 'யூசுப் நபியும் மிசிறு மன்னர்களும்' என்று தலைப்பும் வைத்தான்.

இரண்டு மாதம் அதில் கிடந்தான். பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பத்திரிகைகளைப் பொறுக்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தான். யூசுப் நபி காலத்து அரசரைக் குர்ஆன் வெறும் மன்னர் என்கிறது; மூசா நபி காலத்தவனைத்தான் ஃபிர்அவ்ன், பார்வோன், என்கிறது. ஏன்? நடுவில் கிழக்கிலிருந்து வந்த அந்நியர்கள் மிசிறை ஆண்டிருக்கிறார்கள். பாலஸ்தீனப் பக்கத்திலிருந்து அடிமையாக வந்த ஒருவர் நாட்டின் களஞ்சியத்துக்கே அதிகாரியாக முடிந்தது அந்த அந்நியர் ஆட்சியிலாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நைல் ஆற்றுத் தீவொன்றின் பாறையில் ஏழு வருஷப் பஞ்சத்தைப் பற்றி வெட்டி வைத்திருக்கிறது. எல்லாம் இருக்கிறது. யூசுப் நபியின் பெயர்தான் எந்தக் கல்லிலும் இல்லை.

அதற்கும் ஒலி முகம்மது ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தான். மிசிறில் அரசனுடைய பெயரைச் சுற்றிக் கயிறு போல ஒரு வளையம் வெட்டுவார்கள். அடுத்து வருகிறவனுக்கு முந்தியவனைப் பிடிக்காவிட்டால் வளையத்துக்குள் இருக்கிற பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொள்வான். சிலை அதேதான், முகம் அதேதான், ஆள் மட்டும் மாறிப் போவான். பெயர் போனவன் இரண்டாவது முறை செத்தான் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. சுரண்டிய கல்லில் தேடினால் நபியவர்களின் பெயர் கிடைக்கும் என்று கட்டுரையை முடித்திருந்தான். முதலாளி படித்துவிட்டு, "ஆராய்ச்சிக்காரர் ஆயிட்டீரே!" என்றார். கூடவே, "படத்துல நபிமார் யாரும் இல்லையே? பாத்துக்கங்க, பள்ளிவாசல்ல பதில் சொல்ல முடியாது" என்றார்.

படத்தில் நபிமார் இல்லை. கூலிகள்தான் இருந்தார்கள். எந்தக் கல்லறைச் சுவர் என்று பத்திரிகையில் போடவில்லை. மிசிறில் வேலைக்குப் பிடித்து வந்த கிழக்கு நாட்டார், இஸ்ரவேலருக்கு உறவுமுறையானவர்கள் என்று மட்டும் இருந்தது. ஒன்பது பேர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இடது ஓரத்தில் ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவன், நின்றுகொண்டு பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான். ஒன்பது பேரும் அவனைப் பார்ப்பார்கள். தலைகளுக்கு மேலே பறவையும் பாம்புமாகச் சின்னச் சின்னக் குறிகள். அவை அவர்களின் பெயர்கள்.

இந்தக் கட்டுரையை வேறு யாரும் கோக்க விடவில்லை அவன். ஒவ்வொரு எழுத்தாகத் தானே பொறுக்கிக் கோத்தான். எழுத்துகள் வைக்கிற கேஸில் 'யூ' என்ற எழுத்து மொத்தமே இருபத்திரண்டுதான் இருந்தது. யாருக்கு அவ்வளவு யூ வேண்டியிருக்கிறது? இரண்டாம் பக்கத்திலேயே தீர்ந்துபோய், அப்புறம் வந்த இடத்திலெல்லாம் 'நபியவர்கள்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. பத்து வருஷமாக வாயால் சொல்லாத ஒரு பெயரை விரலால் இருபத்திரண்டு தடவை எடுத்து வைத்தான். அவனுடைய தம்பி பெயர் முகம்மது யூசுப்.

ஒரே ஒரு வரியை மட்டும் கோத்த பிறகு பிரித்துவிட்டான். யூசுப் நபியைப் பற்றி யூதர்களின் வேதத்தில் அது இருந்தது. தம்பியைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று. கோத்து முடித்துப் படித்துப் பார்த்தவனுக்குக் காது சூடேறியது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேஸில் திரும்பப் போட்டான். ஆராய்ச்சிக்காரர்!

"இன்னொரு தடவை அடிச்சுப் பாத்திடுவோமா?" என்றான்.

மருதப்பன் முணுமுணுத்துக்கொண்டே பெடலை மிதித்தார். மெஷின் ஒரு தடவை வாயைத் திறந்து மூடியது. இரண்டாவது தாள் வந்தது. ஒலி முகம்மது அதைப் பார்த்துவிட்டு, முதல் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் கவனிக்காமல் விட்டது அப்போதுதான் பட்டது. நெகட்டிவ் திரும்பியிருந்தால் கிராணியும் வலது ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். அவன் போகவில்லை. இடது ஓரத்திலேயே, தன் இடத்திலேயே, பட்டியலோடு நின்றான். திரும்பியவர்கள் அந்த ஒன்பது பேர் மட்டும்தான். பெயர் கூப்பிடுகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாளின் வலது விளிம்பையும் தாண்டி, படத்தில் இல்லாத ஏதோ ஓர் இடத்தைப் பார்த்தார்கள். அங்கேயிருந்து யாரோ வர வேண்டும் என்பது போல.

ஒலி முகம்மதுக்கு அந்தப் பார்வை தெரியும்.

நாற்பத்துமூன்றாம் வருஷம். ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கடைகடையாகப் பட்டியல் வாங்கினார்கள். அவன் வேலை பார்த்த கடை கொடுத்த பட்டியலில் அவன் பெயர் இருந்தது. தேக்கா மாட்டுக் கொட்டகைகளுக்கு முன்னாலிருந்த புல்தரையில் ஆட்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். ஒரு தமிழ்க் கிராணி நாற்காலி போட்டுக்கொண்டு பெயர் கூப்பிட்டான். கூப்பிட்டால் "ஹாய்" என்று ஜப்பான் மொழியில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அடி. யூசுப் அண்ணனைத் தேடி மரவள்ளிக்கிழங்கு அவித்து வாழையிலையில் பொதிந்து எடுத்து வந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நிக்காஹ் முடிந்து இரண்டு வருஷம்.

"வயித்தைக் கலக்குதுடா," என்றான் ஒலி முகம்மது. "ரெண்டே நிமிஷம். என் இடத்துல உக்காரு. என் பேரைக் கூப்பிட்டா ஹாய்னு சொல்லிடு. இப்ப வந்துடறேன்."

"சரி நானா," என்றான் யூசுப். நாகூர்ப் பக்கத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். கிழங்குப் பொதியையும் கையில் கொடுத்து அனுப்பினான்.

ஒலி முகம்மது கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றான். வயிற்றில் ஒன்றுமில்லை. பலகை இடுக்கு வழியாகத் தன் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்டான். யூசுப் பதில் சொல்லவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது தடவை. அப்போதும் யூசுப் இந்தப் பக்கமே பார்த்தான். மூன்றாவது தடவை கிராணி எழுந்து நின்று கத்தியபோதுதான், "ஹாய்" என்றான். ஓடினால் முப்பது எட்டு வைக்கிற தூரம். லாரி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் ஒலி முகம்மது அங்கேயே நின்றான். கிழங்கைத் தின்றான். அது இன்னும் சூடாக இருந்தது.

"பாய், நான் கெளம்பறேன்," என்றார் மருதப்பன்.

இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒலி முகம்மதும் கிளம்பினான். வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டுவிட வேண்டும். படம் வேண்டாம், பிளாக் கெட்டுப்போயிற்று என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்வது அவனுக்குப் புதிதில்லை.

வீடு பக்கத்துத் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடி. நாலு நிமிஷ நடை. கடைகளுக்கு முன்னாலிருந்த ஐந்தடிப்பாதையில் ஆள் இல்லை, தெருவில் டிரைஷா வண்டி இல்லை, மாட்டின் மணி இல்லை. காய்கறிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. மழைக்கு முந்திய புழுக்கத்தில் சாக்கடையும் அழுகிய முட்டைகோஸும் நாறின. அதற்கு நடுவே, எங்கிருந்தோ, அவித்த மரவள்ளிக்கிழங்கின் வாசனை ஒரு வீச்சு வந்து போனது. ஊரடங்கு நேரத்தில் எந்த வீட்டிலும் எதையாவது அவிப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பின்னால் ஒரு லாரி வந்தது. வேகமாகப் போகவில்லை. அவன் நடக்கிற வேகத்துக்கு, இரண்டு வீடு தள்ளி, உறுமிக்கொண்டே வந்தது. போலீஸ் லாரிதான். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிப்படிக் கதவில் கை வைத்தபோது, எப்போதும் போல அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான். போர் முடிந்து அடுத்த வருஷம், இதே கதவைத் தட்டியவன். சயாமிலிருந்து திரும்பி வந்தவன். ஒரு காலில் ஆறாத புண், ஈ மொய்த்தது.

"ஒலி முகம்மது வீடு இதுதானே? அவரு மவுத்தாயிட்டாரு. பேதியில. வீட்டுல சொல்லிடச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு," என்றான். பிறகு, "நீங்க யாரு?" என்றான்.

"நான் அவர் தம்பி," என்றான் ஒலி முகம்மது.

அந்த ஆள் போகும்போது இன்னொன்றும் சொன்னான். "நல்ல மனுசன். ஆனா தெனம் காலைல பேரு கூப்பிடும்போது ஒதை வாங்குவாரு. ஒடனே சொல்ல மாட்டாரு. ரெண்டு தடவை கூப்பிட்டாலும் யாரோ வர்ற மாதிரி பின்னால திரும்பிப் பாப்பாரு. மூணாவதுக்குத்தான் ஹாய்னு சொல்லுவாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு."

ரபியா அப்போது பின்கட்டில் குழாயடியில் இருந்தாள். யூசுபின் மனைவி. அவளிடம் பாதியைத்தான் சொன்னான். யூசுபை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தான். இப்போது யூசுப் இறந்த செய்தி வந்தது என்று சொன்னான். யார் பெயரில் போனான், யார் பெயரில் இறந்தான் என்று சொல்லவில்லை. மார்க்க நீதிபதியான காதி முன்னால் அதற்குச் சாட்சி சொன்னான். கணவன் இறந்தவள் தனித்திருக்க வேண்டிய இத்தாவை அவள் இருந்து முடித்தாள். நாற்பத்தெட்டில் அவளை அவனே நிக்காஹ் செய்துகொண்டான். தனியாகிவிட்ட தம்பி மனைவிக்கு வாழ்வு கொடுத்தான் என்று பள்ளிவாசலில் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். ஊர் வழக்கில் புருஷனின் அண்ணனும் மச்சான், புருஷனும் மச்சான். அவள் அழைப்பைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் மச்சான் என்று ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவனுக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருக்கும். எட்டு வருஷமாகப் போகவில்லை. அவள் நல்லவள், அவனை நம்பினாள், அந்த நம்பிக்கையின் மேல்தான் அவன் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"வாங்க மச்சான். நல்லவேளை, மழைக்கு முந்தி வந்துட்டீங்க," என்றாள் ரபியா.

அவள் ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் முந்தானை. அவன் அடுப்படிக்குப் போய்ச் சட்டைக்குள்ளிருந்து தாள்களை உருவினான். ஒன்று அவன் கையில் வந்தது. இன்னொன்று நழுவி, தரையில் வழுக்கி, பாய் வரைக்கும் போய் நின்றது. காற்றே இல்லை.

"என்ன காயிதம்?" ரபியா கையைத் தட்டிவிட்டு எடுத்தாள்.

"வேணாம், மையி ஒட்டும். குடு இங்க."

"இருங்க." அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்தது. "அல்லாஹ்! அரபுத்தமிழ் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவன் நின்றுவிட்டான். ரபியாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது அரபு எழுத்து ஒன்றுதான். தமிழையே அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதியிருந்தால் மணி மணியாகப் படிப்பாள். அவன் எழுதியதில் ஒரு வரிகூட இதுவரை அவள் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் பல காகிதங்களை வீட்டில் போட்டு வைத்திருந்தான்.

"எங்க இருக்கு அரபுத்தமிழ்?"

"இந்தா, இவங்க தலைக்கு மேல. எனக்காகவா போட்டீங்க?" அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவனைக் குத்தியது. அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். பறவை. பாம்பு. கால் மடித்த மனிதன். கோணல் கோடு. அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. அவன் அந்த ஆங்கிலப் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது: உருவங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். வலப்பக்கம் பார்த்தால், வலமிருந்து.

ரபியா விரலை வலது ஓரத்தில் வைத்தாள். ஓதுகிற ராகத்தில், தலையை லேசாக ஆட்டிக்கொண்டு படித்தாள்.

"காத்தமுத்து. ஹாய். சின்னக்கருப்பன். ஹாய். பீர் மைதீன். ஹாய்." நிமிர்ந்தாள். "இது என்ன மச்சான், ஹாய்?"

அவன் கையை நீட்டினான். "குடு."

"பேரு வரிசையா? யூசுப் நபி காலத்து ஆளுங்களா?" விரல் நகர்ந்தது. "ராமையா. ஹாய். அங்கமுத்து. ஹாய்." ஒவ்வொரு பெயருக்கும் விரல் ஒரு தலையைத் தாண்டியது. ஒவ்வொன்றையும் ஒலி முகம்மது முன்பே கேட்டிருந்தான். பலகை இடுக்கு வழியாக. அதே வரிசையில்.

வெளியே லாரி வந்து நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே. எஞ்சினை நிறுத்தவில்லை. ஜன்னல் கம்பிகள் மெல்ல அதிர்ந்தன. கிழங்கு வாசனை. வீட்டுக்குள்.

"எட்டு பேரு ஆச்சு. இது ஒம்பதாவது." ரபியா சிரித்தாள். "உங்க பேரு! ஒலி முகம்மதுன்னு போட்டிருக்கு. உங்க பேரையே போட்டுக்கிட்டீங்களா?"

அவன் ஓரடி பின்வாங்கினான்.

"இதுக்கு மட்டும் ஹாய் இல்ல. திரும்பவும் ஒலி முகம்மதுன்னு இருக்கு. ரெண்டு தடவை வந்திருக்கே, அச்சுப்பிழையா?"

"ரபியா. போதும்."

"கீழ பொடி எழுத்துல இன்னும் இருக்கு." அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். ராகம் நின்றுவிட்டது. சாதாரணமாக, யாரோ காதில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறவள் மாதிரி படித்தாள். "நானாவுக்கு வயித்தைக் கலக்குதாம். ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொன்னாங்க. அவங்க வர்ற வரைக்கும் அவங்க பேருக்கு நான்தான் சொல்லணும்."

விரல் நின்றது.

நானா. இந்த உலகத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான். ரபியாவுக்கும் அது தெரியும்.

அவள் தாளைப் பார்த்தபடியே இருந்தாள். அரிசித் தட்டில் அவள் பொறுக்கி வைத்த கற்கள் லாரியின் அதிர்வில் நகர்ந்தன. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வழியில பிடிச்சிட்டுப் போனாங்கன்னுதானே சொன்னீங்க?"

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். ஆமாம் என்ற ஒரு சொல். நான்தான் என்ற ஒரு சொல். தொண்டைவரை வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. பதிமூன்று வருஷத்து வெட்கம், பள்ளிவாசலில் கையைப் பிடித்துப் பாராட்டியவர்களின் முகங்களோடு, சூடான கிழங்கின் ருசியோடு. அவன் உதட்டை மூடிக்கொண்டான்.

"மச்சான். உங்களைத்தான் கூப்பிடறாங்க."

கீழே கூப்பிட்டார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறவனின் குரல். முழுப் பெயர். ஒரு தடவை.

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

இரண்டாவது தடவை.

ரபியா அவன் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. அவன் வருவான் என்று நினைக்கிற முகம். அந்த முகத்தை அவன் ஒரு தடவை பார்த்திருக்கிறான். மூன்று எட்டு வைத்தால் ஜன்னல். ஒரு சொல். இரண்டெழுத்து. பெயர் அவனுடையது, சொல்லும் அவனுடையது. சொன்னால் அவனைக் கூட்டிப் போவார்கள், அவளை விட்டுவிடுவார்கள். அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

மூன்றாவது தடவை.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நிஜமாகவே வலிப்பது போல.

ரபியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஹாய்," என்றாள்.

எஞ்சின் நின்றது. தெரு நின்றது. மழை ஒரு சொட்டு விழவில்லை. அவள் அசையவில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் சுவரில் நிழல் இல்லை. அவளுக்கும் சுவருக்கும் நடுவே இடமே இல்லை, சுவரில் தீட்டியது போலத் தட்டையாக இருந்தாள்.

அவன் ஓர் எட்டு முன்னால் வைத்து அவள் முகத்தைப் பார்த்தான்.

பக்கவாட்டு முகம். ஒரு மூக்கு, ஒரு கன்னம், பாதி உதடு. ஆனால் கண் மட்டும் பக்கவாட்டில் இல்லை. அது முழுக் கண். நேராகத் திறந்த கண். மிசிறுக்காரர்கள் சுவரில் தீட்டுகிற கண். முகம் ஜன்னலைப் பார்த்திருக்க, கன்னத்தின் பக்கத்திலிருந்து அந்த ஒற்றைக் கண் அவனையே பார்த்தது, இமைக்காமல், இன்னும் அவன் ஏதாவது சொல்வான் என்று காத்துக்கொண்டு.

அவன் வாயைத் திறக்கவில்லை.